மாடத்துச் செடியும் மதில்மேல் அணிலும்

(தில்லித் தமிழர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இலக்கியம் பேசியவர்கள் உண்டு; இசையைப் பற்றியும் சாத்திரங்களைப் பற்றியும் பேசியவர்கள் உண்டு. எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருளோ மிக எளியது. வீட்டில் வளரும் பிராணிகளையும், தொட்டியில் நாம் வைத்த செடிகளையும், யாரும் அழைக்காமலே வந்து போகும் பறவைகளையும் பூச்சிகளையும் படம் பிடிப்பது எப்படி என்று சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நாங்கள் இக்கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து சில ஆண்டுகளாகச் செய்துவரும் காரியம் இது. காமிராவைப் பிடித்தது ஒருவர் கையாக இருந்தாலும் பார்த்த கண்கள் பல. ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். நாங்கள் கற்றதைச் சொல்லுவோம்; செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லுவோம்.

முதலில் ஓர் அணிலின் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் எல்லோருக்கும் அணிலின் முதுகில் மூன்று கோடுகள் என்பது தாலாட்டுக் காலத்திலேயே தெரிந்த செய்தி. இராமபிரான் மூன்று விரல்களால் தடவிக்கொடுத்த கதையைச் சொல்லாத பாட்டி நம்மில் யாருக்கும் வாய்த்திருக்க மாட்டார். ஒரு நாள் எங்கள் மதில்மேல் அமர்ந்து ரொட்டித் துண்டைக் கொறித்துக்கொண்டிருந்த அணிலைப் படம் பிடித்தோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த சிறுவன், "தாத்தா, கோடுகள் ஐந்து இருக்கின்றனவே!" என்றான். நாங்கள் நம்பவில்லை. மறுபடியும் எண்ணினோம். முதுகில் மூன்று, இரு பக்கங்களிலும் சற்று மங்கலாக ஒவ்வொன்று, ஆக ஐந்து. பிறகு நூல்களைப் பார்த்தபோதுதான் தென்னாட்டில் நாம் கண்ட அணில் வேறு, வடநாட்டில் மிகுதியாகக் காணப்படும் ஐங்கோட்டு அணில் வேறு, இரண்டும் தனித்தனி இனங்கள் என்பது விளங்கிற்று. இத்தனை ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தும், நாள்தோறும் கண்ணெதிரே ஓடிய உயிரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஊரில் பார்த்த அணிலையே மனத்தில் வைத்துக்கொண்டு இதையும் பார்த்ததாக எண்ணியிருந்தோம். காமிரா எங்களுக்குச் செய்த முதல் உதவி அதுதான். இருக்கிற இடத்தில் இருப்பதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

இயற்கையைப் படம் பிடிக்கும் கலையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். நிழற்படம் எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டில். அக்காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆயின. மலை அசையாது, மாளிகை அசையாது; ஆகவே அவை படத்தில் விழுந்தன. பறவை காத்திருக்குமா? இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளுடன் கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படமெடுத்தது 1892-ஆம் ஆண்டில்தான். பறவைகள் அஞ்சாமல் இருக்கும்பொருட்டு, உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்திருந்து படமெடுத்தவர்கள் அவர்கள். நம் நாட்டில், அன்றைய ஐக்கிய மாகாணத்தின் காட்டிலாகா அதிகாரியான சாம்பியன் என்பவர், புலி நடக்கும் வழியில் மெல்லிய கம்பியைக் கட்டி, புலியின் காலே காமிராவை இயக்கும்படி அமைத்தார். அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. துப்பாக்கியால் சுடுவதே வீரம் என்றிருந்த காலத்தில் புலியை உயிரோடு விட்டுவிட்டு அதன் உருவத்தை மட்டும் கொண்டுவந்தவர் அவர்.

தமிழர்களாகிய நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய பெயர் மா. கிருஷ்ணன் அவர்களுடையது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை இயற்கையைப் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். கானகத்து யானையைப் பற்றி எத்துணை அக்கறையோடு எழுதினாரோ, அத்துணை அக்கறையோடு ஊர்ப்புறத்துச் சிற்றுயிர்களைப் பற்றியும் எழுதினார். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்பதில்லை என்று நமக்குக் காட்டியவர் அவர்.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டுப் பிராணிகளில் தொடங்குவோம்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. தெருவில் பிறந்து, ஒரு மார்கழிக் குளிரில் படியேறி வந்து, பதினோர் ஆண்டுகள் எங்களோடு இருந்த கறுப்பு நாய். மணி என்று பெயர். கறுப்பு நாயைப் படம் பிடிப்பது எவ்வளவு தொல்லை என்பதை வளர்த்தவர்களே அறிவர். எடுத்த படங்களிலெல்லாம் கரிமூட்டை ஒன்று கிடப்பது போலவும், அதில் இரண்டு பச்சை விளக்குகள் எரிவது போலவும் தெரிந்தது. காரணம் பின்னால் தெரிந்தது. இருளிலும் பார்ப்பதற்காக நாய், பூனை முதலியவற்றின் விழியின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. மின்னல் விளக்கை நேராகப் பாய்ச்சினால் அது கண்ணாடி போல் ஒளிர்கிறது. ஆகவே முதல் விதி, வீட்டுப் பிராணிகளுக்கு மின்னல் விளக்கு வேண்டாம், ஜன்னல் போதும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பிராணியை அமரச் செய்து, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி எடுத்தால் கறுப்பு ரோமத்தின் ஒவ்வோர் இழையும் தெரியும்.

காமிராவின் குணம் ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். எதிரே உள்ளது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அது வெளிச்சத்தை அளக்கிறது. கறுப்பு நாய் படம் முழுவதையும் அடைத்திருந்தால், 'ஐயோ, இருட்டு' என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நாய் சாம்பல் பூசியது போலாகும். வெள்ளைப் பூனையானால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பூனை அழுக்கேறியது போலாகும். ஆகவே கறுப்புக்குச் சற்றுக் குறைத்தும் வெள்ளைக்குச் சற்றுக் கூட்டியும் நாமே திருத்த வேண்டும். கைப்பேசியிலும் திரையை விரலால் தொட்டு, வெளிச்சத்தை மேலும் கீழும் நகர்த்த வழி இருக்கிறது.

அடுத்தது, குனிய வேண்டும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் எந்த நாயும் பெரிய தலையும் குட்டைக் கால்களுமாகத்தான் தெரியும். தரையில் அமருங்கள், முடியுமானால் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணும் அதன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். படத்தில் எது தெளிவில்லாமற் போனாலும் கண் தெளிவாக இருக்க வேண்டும். கைப்பேசியை மூக்கருகில் கொண்டுபோனால் மூக்கு பூதாகாரமாகத் தெரியும். இரண்டு மூன்று அடி பின்னால் சென்று இருமடங்கு பெரிதாக்கி எடுப்பதே மேல். ஓடும் நாய்க்கு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். அதற்கு முற்பகல் வெயில் வேண்டும்.

மணி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அது இருந்தபோது எடுத்த படங்களை ஒரு நாள் அடுக்கிப் பார்த்தோம். நூற்றுக்கணக்கில் இருந்தன. தீபாவளிக்கு மாலை போட்டது, பிறந்த நாளுக்குத் தொப்பி வைத்தது, குழந்தைகள் கண்ணாடி மாட்டிவிட்டது. எல்லாவற்றிலும் அது எங்களைப் பொறுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. ஒரே ஒரு படத்தில்தான் அது தானாக இருந்தது. வாசற்படியில் தாடையை வைத்து, மாலையில் யாரோ வீடு திரும்புவதற்காகக் காத்திருக்கும் படம். அதை யார் எடுத்தது என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் படம்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிராணி எந்த இடத்தில் எப்போதும் படுக்கிறதோ, எதைக் கண்டால் எப்போதும் காதை உயர்த்துகிறதோ, அதைப் படமெடுங்கள். வேடம் போட்டு எடுத்த படம் ஒரு நாள் சிரிப்புக்கு ஆகும். வழக்கமாக இருந்த நிலையில் எடுத்த படம்தான் பிற்காலத்தில் கண்ணை நிறைக்கும்.

செடிகளுக்கு வருவோம். செடி ஓடாது, குரைக்காது. ஆகையால் எளிது என்று நினைப்போம். காற்று என்ற ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவரும். மலரை நெருங்க நெருங்க, தெளிவாக விழும் பகுதி மிகக் குறுகிவிடுகிறது; ஓர் இதழ் தெளிந்தால் மற்றோர் இதழ் கலங்கும். அந்நிலையில் நெல்லளவு அசைந்தாலும் படம் கெட்டுவிடும். காற்று எழுவதற்கு முந்திய விடியற்காலையே மலருக்கு உரிய நேரம். ஓர் அட்டையைக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்துவதும், காம்பை ஒரு குச்சியோடு தளர்வாகச் சேர்த்துவைப்பதும் உதவும். நண்பகலில் எடுக்கத்தான் வேண்டுமென்றால், பழைய வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பந்தல் போல் பிடித்தால் போதும். கடுவெயில் மெல்லிய வெளிச்சமாகிவிடும்.

இந்த விஷயத்தில் தில்லி நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. மார்கழியில் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் நிற்கும்; தில்லியிலோ 38 பாகைதான். ஆகவே பனிமூட்டம் இல்லாத குளிர்கால நாள்களில், நாள் முழுவதுமே சாய்ந்த வெயில். நாள் முழுவதுமே படத்துக்கு உகந்த வெயில். குளிரைக் குறை சொல்லும் நாம் இதையும் நினைக்க வேண்டும். ஆனி மாதத்தில் அதே சூரியன் 85 பாகைக்குத் தலைக்கு மேல் நிற்கும். அப்போது காலை ஏழு மணிக்குமேல் காமிராவைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

பசுமையான இலைகளுக்கிடையே ஒரு மல்லிகையை எடுத்தால், காமிரா இருண்ட இலைகளை அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மலர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். வெள்ளைப் பூனைக்குக் கூட்டியதை இங்கே குறைக்க வேண்டும். விதி ஒன்றுதான், பயன்படும் இடம் வேறு. இலைமேல் நீரைத் தெளித்துப் பனித்துளி என்று காட்டுவோர் உண்டு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையான பனித்துளி காலை ஆறு மணிக்கு இலை நுனியில் இருக்கும்போது பொய்த்துளி எதற்கு?

'பிரம்மகமலம்' என்று நம்மவர் அழைக்கும் நிஷாகந்தி பலர் வீட்டில் இருக்கிறது. உண்மையான பிரம்மகமலம் இமயமலையின் உயரத்தில் பூப்பது. உத்தராகண்டத்தின் மாநில மலர் அதுவே. நம் தொட்டியில் இருப்பது நடு அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி வகை. ஆயினும் அதன் பெருமைக்குக் குறைவில்லை. ஓர் இரவில் மலர்ந்து, விடிவதற்குள் தலை சாய்ந்துவிடும். எட்டு மணி முதல் நள்ளிரவு வரை, காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, அரை மணிக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அண்டை வீட்டார் எல்லோரும் ஒரு பூவைப் பார்ப்பதற்காக நம் மொட்டைமாடியில் கூடும் இரவு ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது.

ஆனால் தமிழர் வீட்டின் உண்மையான தலைமைச் செடி கறிவேப்பிலைதான். தில்லிக் குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நின்று, பங்குனியில் அது மீண்டும் துளிர்க்கும்போது நமக்கு உயிர் வருகிறது. அந்தத் துளிரை ஒரு புழு தின்னத் தொடங்கினால் வீட்டில் போர் மூளாதா? எங்கள் வீட்டிலும் மூண்டது. பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டியிருந்த சிறு புழுவை வழித்தெறியப் பெரியம்மா விளக்கமாற்றுக் குச்சியோடு வந்துவிட்டார். "ஒரு படம் எடுத்துக்கொள்ளுகிறோம், பிறகு எறியுங்கள்" என்று தவணை கேட்டோம். மறுநாள் ஒரு படம், அதற்கு மறுநாள் ஒரு படம் என்று தவணை நீண்டது. எச்சம் போலிருந்த புழு தோல் உரித்துப் பச்சைப் பட்டு உடுத்தது. தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு நீட்டி ஒரு நாற்றத்தை வீசிற்று. பின் ஒரு நாள் தன்னைத் தானே ஒரு நூலால் தண்டோடு இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. நாங்கள் கவனித்த கூட்டுப்புழு பதினோராம் நாள் இரவு கறுத்தது. மேலுறை கண்ணாடி போலாகி உள்ளே மடிந்த சிறகின் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அப்படித் தெரிந்தால் மறுநாட் காலை வெளிவரும் என்பது கணக்கு. விடியலிலேயே காத்திருந்தோம். கசங்கிய சிறகோடு வந்தது. தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்து உலர்த்தியது. ஒன்பது மணிக்குள் பறந்துவிட்டது. அதற்குக் கறிவேப்பிலை அழகி என்றே தமிழில் பெயர் என்று சொன்னபோது பெரியம்மா, "என் செடியின் பெயரையே வைத்துக்கொண்டதா?" என்று கேட்டார். இப்போது எங்கள் வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டிகள் இரண்டு. ஒன்று குழம்புக்கு, மற்றொன்று புழுவுக்கு.

இனித் தாமே வரும் பறவைகள். குளிர்காலத்தில் எங்கள் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு ஆணா பெண்ணா என்று நெடுநாள் குழம்பினோம். மேலே பழுப்பு, கீழே வெளிறிய மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு. படங்களைத் தேதி வாரியாக அடுக்கியபோது விடை கிடைத்தது. அது ஊதாத் தேன்சிட்டின் ஆண்தான். இனப்பெருக்கக் காலம் கழிந்தால் மின்னும் கருநீல உடையைக் கழற்றிவிட்டு எளிய உடை பூணுகிறது. வேனில் வரும்போது மீண்டும் பட்டாடை. தனியொரு படம் சொல்லாததைத் தேதியிட்ட பத்துப் படங்கள் சொல்லின.

பறவையைக் கிட்டே சென்று எடுக்க வேண்டியதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இரு புறமும் துடைத்து, வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்தால் பிரதிபலிப்பு விழாது. உள்ளிருப்பவர் பறவைக்குத் தெரியார். மாடத்தில் ஓர் அகன்ற மண்தட்டில் நீர் வைத்து நாள்தோறும் கழுவி மாற்றிவந்தால், 'லூ' என்னும் அனற்காற்று வீசும் நாள்களில் சிட்டுக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் வரும். சிட்டுக்குருவியைத் தில்லி அரசு 2012-இல் மாநிலப் பறவையாக அறிவித்தது. விருந்தாளிக்கு உரிய மரியாதையை நாமும் செய்ய வேண்டாமா? பறக்கும் பறவைக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். நீர் அருந்தி நிமிரும் பறவைக்கு அவ்வளவு வேண்டுவதில்லை, பொறுமை போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூண்டுக் கிளியைப் படமெடுத்து அழகு என்று அனுப்பாதீர்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் மைனாவையும் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அவ்வாறே. கிளி வேண்டுமானால் மாலையில் எதிர் வேப்பமரத்தைப் பாருங்கள்.

இப்போது எங்கள் தவற்றைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில், எங்கள் மாடத்து இரங்கூன் மல்லிக் கொடியில் ஒரு கொண்டைக்குருவி இணை கூடு கட்டியது. வால் அடியில் சிவப்பும் தலையில் கறுப்புக் கொண்டையும் உடைய, புல்புல் என்று இங்கே எல்லோரும் அறிந்த பறவை. வெளிர்சிவப்பில் செம்புள்ளி இட்ட மூன்று முட்டைகள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூன்றும் பொரிந்தன. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. நாள்தோறும் நாலைந்து முறை காமிராவோடு சென்றோம். ஆனால் படம் திருப்தியாக இல்லை. இலைகள் மறைத்தன, நிழல் விழுந்தது. ஆகவே கத்தரிக்கோலால் சிறு கிளைகள் இரண்டை வெட்டினோம். இரண்டே கிளைகள். கூடு நன்றாகத் தெரிந்தது. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்து உணவு கேட்கும் காட்சி, காலை வெயிலில், ஊசி முனை போன்ற தெளிவோடு கிடைத்தது. உறவினர் எல்லோருக்கும் அனுப்பினோம். எல்லோரும் மெச்சினார்கள்.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த கூடு காகத்துக்கும் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் காலை கூடு வெறுமையாக இருந்தது. தாய்ப்பறவை வாயில் ஒரு புழுவோடு கம்பிமேல் வந்து அமர்ந்தது; கூட்டுக்குப் போயிற்று; திரும்பி வந்தது; மறுபடியும் போயிற்று. புழுவை நெடுநேரம் கீழே போடவில்லை. காகத்தின்மேல் பழியில்லை, அதற்கும் எங்கோ ஒரு கூடு இருந்திருக்கலாம். கத்தரிக்கோல் எங்களுடையது.

அந்தப் படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு வைத்திருந்தோம். அது ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தது என்பது எங்களுக்கு மட்டுமே தெரியும். கழற்றிவிட்டோம். ஆனால் அழிக்கவில்லை, புதிதாகக் காமிரா வாங்கிக்கொண்டு எங்களிடம் யோசனை கேட்க வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறோம்.

அதிலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட விதிகள் சில. கூட்டருகே ஓர் இலையையும் விலக்குவதில்லை. வாயில் இரையோடு வந்த பறவை கூட்டுக்குப் போகாமல் தயங்கி நின்றால், நாம் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். குஞ்சுகள்மீது மின்னல் விளக்குப் பாய்ச்சுவதில்லை. ஒலிப்பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பதில்லை. பூச்சியைக் குளிரூட்டியில் வைத்து மயங்கச் செய்து படமெடுப்பதில்லை. கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிப்பதில்லை. படம் நமக்கு ஒரு பொழுதுபோக்கு. அதற்கோ அதுவே வாழ்வு.

எடுத்த படத்தைப் பேணுவது பற்றி இரண்டு சொற்கள். ஒரு கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததில் எட்டு மாதப் படங்களை இழந்தவர்கள் நாங்கள். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் வேறிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையாவது தாளில் அச்சிடுங்கள். பின்புறத்தில் தேதி, இடம், உயிரின் பெயர், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். இப்படிப்பட்ட குறிப்புக்கு வீட்டுக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியில் நான்கு நாள்கள், அவரவர் வீட்டைச் சுற்றிக் காணும் பறவைகளை எண்ணிப் பதியும் உலகளாவிய கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2013 முதல் இந்தியரும் அதில் கலந்துகொள்ளுகிறார்கள். பதினைந்து நிமிடம் மாடத்தில் அமர்ந்து எண்ணினால் போதும். நம் மொட்டைமாடிச் சிட்டுக்குருவியும் அறிவியல் கணக்கில் சேரும்.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகள் அணிலைக் 'கிலஹரி' என்கிறார்கள். பவழமல்லியை 'ஹர்சிங்கார்' என்கிறார்கள். அதில் தவறில்லை, அவை இந்த மண்ணின் பெயர்கள். தவிட்டுக்குருவிக் கூட்டத்தைச் 'சாத் பாயீ', ஏழு சகோதரர்கள், என்று வடநாட்டார் அழைப்பது எத்துணை அழகு! ஆனால் நம் பெயரும் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பாடப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்த சொல் மறந்துபோகும். தானே எடுத்த படத்தின் அடியில் தன் கையால் 'தேன்சிட்டு' என்று எழுதிய குழந்தை அச்சொல்லை மறக்காது. அடுத்த ஆண்டு விழாவில் மண்டபத்தின் ஒரு சுவரை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படம். கீழே அதன் தமிழ்ப் பெயர். அதை எழுதுவது அவ்வீட்டுக் குழந்தை. பரிசு வேண்டியதில்லை. போட்டி என்று வந்தால் கத்தரிக்கோலும் வந்துவிடும்.

அந்தச் சுவருக்கு எங்கள் பங்கை இப்போதே சொல்லிவிடுகிறோம். தவறு நடந்ததற்கு மறு ஆண்டு, அதே கொடியில் மீண்டும் ஒரு கொண்டைக்குருவி இணை கூடு கட்டியது. முந்திய இணைதானோ, வேறோ, அறியோம். மாடத்துக் கதவைச் சாத்தினோம், திரையை இழுத்தோம், துணி உலர்த்துவதைப் பின்கட்டுக்கு மாற்றினோம். இருட்டறையிலிருந்து கண்ணாடி வழியே ஒரே ஒரு படம் எடுத்தோம். அதில் தெரிவது பெரும்பாலும் இலைதான். இலைகளுக்கிடையே ஒரு சிவந்த வாலடியும், திறந்த சிறு வாய் ஒன்றும் தெரியும். அதுவும் கூர்ந்து பார்த்தால். எந்தப் போட்டியிலும் அது பரிசு பெறாது. குஞ்சுகள் இரண்டும் பன்னிரண்டாம் நாள் பறந்தன.

கூடத்தில், மணியின் படத்துக்குப் பக்கத்தில், இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது.